மின்சாரத்தில் எழுதிய கணக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்த சால்வத்தோரே சான்ஃபிலிப்போ, 2008, 2009 வாக்கில் ஒரு சிறிய இணையச் சேவையை நடத்திவந்தார். உங்கள் இணையதளத்துக்கு இந்த நொடியில் யார் வந்திருக்கிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதை உடனுக்குடன் காட்டும் சேவை அது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பட்டியல். புதிய வருகை மேலே சேரும். பழையது கீழிருந்து உதிரும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அந்தப் பட்டியல்கள் மைஎஸ்கியூஎல் தரவுதளத்தில் இருந்தன. ஒவ்வொரு வருகைக்கும் வட்டில் எழுத வேண்டும், பழையதை அழிக்க வேண்டும், பார்ப்பவருக்கு மறுபடி படித்துத் தர வேண்டும். தளங்கள் கூடக்கூட வட்டு திணறியது.

பெரிய சர்வர் வாங்குவது ஒரு வழி. சான்ஃபிலிப்போ வேறு மாதிரி யோசித்தார். சற்று நேரத்தில் உதிர்ந்துவிடப் போகிற ஒரு பட்டியலுக்காக எதற்கு வட்டுவரை போய்வர வேண்டும்? ராமிலேயே வைத்துக்கொண்டால் என்ன? டிசிஎல் மொழியில் சில நூறு வரிகளில் ஒரு முன்மாதிரியை எழுதிப் பார்த்தார். வேலை செய்தது. பிறகு அதையே சி மொழியில் திரும்ப எழுதி, 2009-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். தொலைவில் இருக்கும் ஒரு அகராதிச் சர்வர் என்ற பொருளில் வரும் 'ரிமோட் டிக்‌ஷனரி சர்வர்' என்ற தொடரைச் சுருக்கி ரெடிஸ் என்று பெயர் வைத்தார்.

ராமுக்கும் வட்டுக்கும் உள்ள தூரத்தை எண்களில் சொன்னால் மனதில் நிற்பதில்லை. ராமில் ஓரிடத்தை எட்டிப் படிக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி நொடி. இதைக் கடைத்தெரு அளவுக்கு நீட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் தன் மேசை மேலிருக்கும் பொட்டலத்தை எடுத்து நீட்ட ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அதே கணக்கில், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அந்தப் பொட்டலம் வந்துசேர 28 மணி நேரம் ஆகும். 100 மைக்ரோ நொடியில் பதில் தரும் எஸ்எஸ்டி என்றால் 17 நிமிடம். வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்னூட்டம்தான். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் நினைவகச் சில்லு 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை தன்னிடம் உள்ள ஒவ்வொரு வரிசையையும் படித்து, படித்ததையே திரும்ப எழுதுகிறது. நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல், இரவும் பகலும், கணினி ஓடும்வரை இந்த வேலை நடக்கிறது. மின்சாரம் போனால் எழுதுகிற கை நின்றுபோகும், எழுத்தும் போய்விடும்.

ரெடிஸுக்கு முன்பே ராமைப் பயன்படுத்திய கருவிகள் இருந்தன. லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 2003-இல் எழுதிய மெம்கேஷ்டு அவற்றில் புகழ்பெற்றது. அது தன் மறதியை ஒப்புக்கொண்ட கருவி. அசல் கணக்கு தரவுதளத்தில் இருக்கும். அடிக்கடி கேட்கப்படுவதை மட்டும் மெம்கேஷ்டு கையில் வைத்திருக்கும். அது விழுந்துவிட்டால் தரவுதளத்திடம் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். ரெடிஸ் இரண்டு வகையில் மாறுபட்டது. பட்டியல், கணம், மதிப்பெண் வாரியாக வரிசையிட்ட கணம் என்று தரவை அதனதன் வடிவத்திலேயே வைத்துக்கொண்டது. ராமில் இருந்தபடியே மறக்காமல் இருக்கவும் முயன்றது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது முயற்சியைப் பற்றியது.

முயற்சி எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ட்விட்டர் நல்ல எடுத்துக்காட்டு. 2012 வாக்கில் அதன் முகப்பு ஓடை முழுக்க ரெடிஸில் இருந்தது. ஒருவர் ஒரு ட்வீட் போட்டதும், அவரைப் பின்தொடரும் ஒவ்வொருவரின் பட்டியலிலும் அதன் எண் சேர்க்கப்படும். ஆளுக்கு அதிகபட்சம் 800 ட்வீட். ஒவ்வொரு பட்டியலுக்கும் மூன்று படிகள், மூன்று வெவ்வேறு கணினிகளில். முப்பது நாளாக எட்டிப் பார்க்காதவரின் பட்டியலை ராமில் வைக்க மாட்டார்கள். அவர் திரும்பி வரும்போது வட்டிலிருந்து புதிதாகக் கட்டித் தருவார்கள். ராம் விலை கூடியது. அதை யாருக்குக் கொடுப்பது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இன்ஸ்டாகிராம் பொறியாளர்களும் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். 30 கோடிப் படங்களுக்கு, எந்தப் படம் யாருடையது என்று குறித்துவைக்க வேண்டியிருந்தது. படத்துக்கு ஒரு சாவி என்று வைத்தால் 21 ஜிபி பிடிக்கும் என்று தெரிந்தது. ஆயிரம் ஆயிரமாகக் கட்டி, ஒவ்வொரு கட்டையும் ஒரே சாவிக்குள் ரெடிஸின் ஹாஷ் வடிவத்தில் அடைத்தார்கள். 5 ஜிபியில் அடங்கிவிட்டது.

இனி சர்வருக்கு வருவோம். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களில் ரெடிஸை நிறுவுவது ஒரே ஒரு ஏப்ட் கட்டளைதான். நிறுவியதும் கட்டளைத் திரையில் 'பிங்' என்று கேட்டால் 'பாங்' என்று பதில் வரும். அது காது வைத்துக் காத்திருக்கும் போர்ட் 6379. பழைய கைபேசியின் எண்பலகையில் 6, 3, 7, 9 ஆகிய பொத்தான்களில் எம், இ, ஆர், இசட் என்ற எழுத்துகள் இருக்கும். மெர்ஸ் என்பது இத்தாலியத் தொலைக்காட்சியில் அன்று பிரபலமாக இருந்த ஒருவரின் குடும்பப் பெயர். நண்பர்களுக்குள் ஒரு சொல்லாக வழங்கிய அந்தப் பெயர் அப்படியே போர்ட் எண்ணாகிவிட்டதைச் சான்ஃபிலிப்போவே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நிறுவுவது எளிது என்பதாலேயே பலர் அத்தோடு எழுந்துபோய்விட்டார்கள். ஆரம்பகால ரெடிஸ், வலையின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் பதில் சொல்லும். நம்பிக்கையான உள்வலைக்குள் மட்டும் இருக்க வேண்டிய கருவி என்றே அது எழுதப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான சர்வர்களில் அது பொது இணையத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவைத்தபடி நின்றது. 2015 நவம்பரில், அப்படித் திறந்து கிடக்கும் ரெடிஸ் வழியாக முழுச் சர்வரையும் எப்படிக் கைப்பற்றலாம் என்று சான்ஃபிலிப்போவே செய்து காட்டினார். வெளியாள் தன் எஸ்எஸ்ஹெச் சாவியை ஒரு சாதாரணத் தரவாக ரெடிஸில் போடுகிறார். பிறகு, ரெடிஸ் தன் கோப்பைச் சேமிக்கும் இடத்தை, சர்வரில் நுழைய அனுமதிக்கப்பட்ட சாவிகள் இருக்கும் கோப்பின் இடமாக மாற்றச் சொல்கிறார். 'சேமி' என்கிறார். அவ்வளவுதான், அடுத்த முறை அவர் வீட்டுக்காரராகவே உள்ளே வரலாம். 2016-இல் வந்த 3.2 பதிப்பில் இதற்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். கடவுச்சொல்லும் இல்லை, எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை என்றால், அதே கணினியிலிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே ரெடிஸ் பதில் சொல்லும். பிரதி எடுக்க இரண்டாவது கணினியைச் சேர்க்கும்போது இந்தத் தாழ்ப்பாளை நாமே நீக்க வேண்டியிருக்கும். அப்போது உள்வலை முகவரியை மட்டும் திறந்து, கடவுச்சொல் வைத்து, மற்ற எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்துவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

ரெடிஸ் முதன்முறை எழும்போது அதன் பதிவேட்டில் சில எச்சரிக்கைகள் வருவதுண்டு. பலர் அவற்றைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஒன்று, லினக்ஸ் கெர்னலின் ஓவர்கமிட் அமைப்பை 1 என்று மாற்றச் சொல்லும். இன்னொன்று, டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜ் என்ற வசதியை அணைக்கச் சொல்லும். ஒரு தரவுதளம் கெர்னலின் உள்விவகாரத்தில் ஏன் தலையிட வேண்டும்? அதற்கான விடையில்தான் ரெடிஸ் தன் நினைவைக் காப்பாற்றும் உத்தியே இருக்கிறது.

கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த உத்தி சட்டென்று பிடிபடும். கணக்கை இரண்டு விதமாகக் காப்பாற்றலாம். ஆண்டிறுதியில் ஐந்தொகை எடுப்பது ஒன்று. அந்த நாளில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஒரே படமாகத் தெரியும். நடக்கிற ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவைப்பது மற்றொன்று. ரெடிஸிடம் இரண்டும் உண்டு. ஆர்டிபி என்ற கோப்பு அதன் ஐந்தொகை. ஏஓஎஃப் என்ற கோப்பு அதன் குறிப்பேடு.

ஐந்தொகை எடுக்கும் நேரத்தில் கடையைச் சாத்துவார்கள். ரெடிஸால் சாத்த முடியாது. நொடிக்குப் பல்லாயிரம் கட்டளைகள் வந்துகொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தரவை அப்படியே உறையவைத்து எழுதுவது எப்படி? யுனிக்ஸின் மிகப் பழைய கட்டளைகளில் ஒன்றான ஃபோர்க் இங்கே கைகொடுக்கிறது. ரெடிஸ் புராசஸ் தன்னைப் போலவே ஒரு பிள்ளைப் புராசஸைப் பெற்றெடுக்கிறது. கெர்னல் உடனே தரவு முழுவதையும் நகல் எடுப்பதில்லை. தாயும் பிள்ளையும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும்படி விடுகிறது. ஒரு பக்கம் 4 கேபி. தாய் ஒரு பக்கத்தில் எதையாவது மாற்றப்போகும் கணத்தில், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துத் தாயிடம் கொடுக்கிறது. பிள்ளையின் கண்ணுக்கு, தான் பிறந்த கணத்தில் இருந்த உலகம் மாறாமலே தெரிகிறது. அதைப் பொறுமையாக வட்டில் எழுதி முடித்துவிட்டு அது மறைந்துவிடும். இது எழுதப்படும்போது தாய் வேலையை நிறுத்தவே இல்லை. கணினித் துறையில் மிக அழகான ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

எச்சரிக்கைகளின் பொருள் இப்போது விளங்கும். 16 ஜிபி ராமில் 10 ஜிபி தரவு இருக்கிறது. ஃபோர்க் செய்யும்போது, 'பிள்ளைக்கும் 10 ஜிபி தேவைப்படலாமே, அவ்வளவு இல்லையே' என்று கெர்னல் பயந்து மறுத்துவிடக்கூடும். உண்மையில் அதில் சிறு பகுதிதான் தேவைப்படும். ஓவர்கமிட்டை 1 ஆக்குவது, 'பயப்படாமல் கொடு' என்று கெர்னலிடம் சொல்வது. ஹியூஜ் பேஜ் கதை வேறு. அந்த வசதி இருந்தால் பக்கத்தின் அளவு 4 கேபியிலிருந்து 2 எம்பி ஆகிவிடும். தாய் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் 2 எம்பி நகல் எடுக்க வேண்டும். 512 மடங்கு வேலை. சேமிப்பு நடக்கும் நேரமெல்லாம் சர்வர் விக்கி விக்கி ஓடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஃபோர்க்கும் முழுக்க இலவசமில்லை. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை நகல் எடுத்தாக வேண்டும். பக்கத்துக்கு 8 பைட் என்றால் 24 ஜிபி தரவுக்கு அட்டவணை மட்டுமே 48 எம்பி வரும். அதை எடுத்து முடிக்கும்வரை ரெடிஸ் வேறு யாருக்கும் பதில் சொல்லாது. தவிர, சேமிப்பு நடக்கும்போது எழுத்து வேலை அதிகமாக இருந்தால் நகல் பக்கங்களும் பெருகும். ராமை விளிம்புவரை தரவால் நிரப்பியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் அகப்படுவது, அதிக இடம் பிடித்திருக்கும் ரெடிஸ்தான். ஆகவே மேக்ஸ்மெமரி என்ற வரம்பை ராமின் அளவுக்கு வெகுவாகக் கீழே வைப்பது நல்லது.

குறிப்பேட்டின் கேள்வி வேறு: எத்தனை முறைக்கு ஒருமுறை மை காய்ந்ததா என்று பார்ப்பது? ஒவ்வொரு கட்டளைக்கும் வட்டில் பதிந்ததை உறுதிசெய்தால் பத்திரம், ஆனால் வேகம் விழுந்துவிடும். கெர்னலின் விருப்பத்துக்கு விட்டால் வேகம், ஆனால் எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. இடைப்பட்டதாக, நொடிக்கு ஒருமுறை என்பதே இயல்பான அமைப்பு. மின்சாரம் போனால் ஏறத்தாழ ஒரு நொடி வேலை போகும். அந்த ஒரு நொடி யாருடையது என்பதைப் பொறுத்தே அது பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

வட்டில் எழுதிவிட்டால் மின்வெட்டைச் சமாளிக்கலாம். கணினியே பழுதானால்? அதற்குத்தான் இரண்டாவது கணினி.

இரண்டாவது சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'ரெப்ளிகா ஆஃப்', முதன்மைச் சர்வரின் முகவரி, போர்ட் எண். 2018-இல் 5.0 பதிப்பு வரும்வரை இந்த வரியில் அடிமை என்று பொருள்படும் 'ஸ்லேவ்' என்ற சொல் இருந்தது. பலரும் எதிர்த்த பிறகு 'ரெப்ளிகா' என்று மாற்றினார்கள்.

அந்த வரியைச் சேர்த்து எழுப்பியதும் நடக்கும் உரையாடலைக் கிட்டத்திலிருந்து கேட்பது சுவையானது. பிரதி முதலில் 'பிங்' என்கிறது; கடவுச்சொல்லைச் சொல்கிறது; தன் போர்ட் எண்ணைச் சொல்கிறது. பிறகு 'பிசிங்க்' என்ற கட்டளையை ஒரு கேள்விக்குறியோடும் கழித்தல் ஒன்று என்ற எண்ணோடும் அனுப்புகிறது. 'நீ யாரென்று எனக்குத் தெரியாது, உன் தரவில் ஒரு பைட்கூட என்னிடம் இல்லை' என்பதே அதன் பொருள். முதன்மை 40 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தையும் ஓர் எண்ணையும் பதிலாகத் தருகிறது. இந்த அடையாளம் இந்த வரலாற்றின் பெயர். அந்த எண், அந்த வரலாற்றில் இதுவரை எத்தனை பைட் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. உடனே முதன்மை ஒரு ஃபோர்க் போட்டு, ஐந்தொகை எடுத்து, அதை வலைவழியே அனுப்புகிறது. பிரதி தன்னிடம் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, வந்ததை ஏற்றிக்கொள்கிறது. இதற்கிடையே முதன்மையில் நடந்த மாற்றங்கள் ஒரு தாங்கலில் சேர்ந்திருக்கும். அவையும் பின்னாலேயே வரும். அதன் பிறகு முதன்மையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் குறிப்பேட்டு வரிபோலப் பிரதிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிரதி நொடிக்கு ஒருமுறை, 'இந்தப் பைட் வரை வந்துசேர்ந்தது' என்று தகவல் சொல்லும்.

கேபிள் ஒரு கணம் அறுந்து மறுபடி சேர்ந்தால்? பிரதி, 'இந்த வரலாறு, இந்த எண் வரை என்னிடம் உண்டு' என்று சொல்லும். விட்டுப்போன பகுதி முதன்மையின் நினைவில் இன்னும் இருந்தால், 'தொடர்வோம்' என்று பதில் வரும். அந்தச் சில வரிகள் மட்டும் அனுப்பப்படும். இல்லையென்றால் முதலிலிருந்து ஐந்தொகை எடுத்து அனுப்பும் வேலை. விட்டுப்போனதை நினைவில் வைத்திருக்கும் இந்தத் தாங்கலின் இயல்பான அளவு 1 எம்பிதான். நொடிக்கு 100 கேபி அளவுக்கு மாற்றங்கள் நடக்கும் சர்வரில் அது 10 நொடிக்குத்தான் தாங்கும். சுவிட்ச் ஒன்றை அணைத்துப் போட ஒரு நிமிடம் ஆனால் 6 எம்பி வேண்டும். இதை 64 அல்லது 128 எம்பி என்று கூட்டிவைப்பதற்கு இன்று பெரிய செலவு ஒன்றும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு இரவு சாட்சி சொல்லும்.

2013 ஜூலை 18. தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி வசதிகளை மென்பொருள்காரர்களுக்கு விற்கும் அமெரிக்க நிறுவனமான ட்விலியோ, தன் வாடிக்கையாளர்களின் முன்பண இருப்பை ரெடிஸில் வைத்திருந்தது. ஒரு முதன்மை, அதற்குப் பல பிரதிகள். பசிபிக் நேரப்படி அதிகாலை 1:35-க்கு வலையிணைப்பு அறுந்து, எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் முதன்மையை இழந்தன. இணைப்பு திரும்பியதும் எல்லாம் ஒன்றாக ஓடிவந்து, முழுத் தரவையும் முதலிலிருந்து கேட்டன. பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அப்போதைய நிலையான பதிப்பில் இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் 2.8 பதிப்போடுதான் அது வந்தது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் படியெடுத்துக் கொடுக்க முதன்மை திணறியது. 2:39-க்கு அதை நம்பியிருந்த சேவைகள் விழத் தொடங்கின. 2:42-க்குப் பணியிலிருந்த பொறியாளர்களுக்கு எச்சரிக்கை போனது.

அவர்கள் முதன்மையை அணைத்து மறுபடி எழுப்பினார்கள். அது தவறான ஓர் அமைப்புக் கோப்பைப் படித்து எழுந்தது. அந்தக் கோப்பு, ஐந்தொகையை விட்டுவிட்டுக் குறிப்பேட்டிலிருந்து தரவை ஏற்று என்றது. குறிப்பேடு என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. ஆக, இருப்புக் கணக்கு முழுவதும் வெறுமையாயிற்று. அதே கோப்பு இன்னொன்றும் செய்தது: முதன்மையை அதற்கே பிரதியாக்கிவிட்டது. பிரதியில் எழுத முடியாது. விளைவு, வாடிக்கையாளரின் இருப்பு சுழியம் என்று தெரியும், உடனே தானியங்கி முறையில் அவர் கடன் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும், எடுத்த பணத்தை இருப்பில் எழுத முடியாது, இருப்பு இன்னும் சுழியம், மறுபடி எடுக்கப்படும். வாடிக்கையாளர்களில் சுமார் 1.4 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. நடந்த எல்லாவற்றையும் நிமிடவாரியாக வெளியிட்டது. அந்த அறிக்கைக்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் அவர்களே சொன்னதுதான்.

பல பிரதிகள் இருந்தும் எதுவும் காப்பாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேதத்தைத் தொடங்கிவைத்ததே பிரதிகளின் கூட்டம்தான்.

பிரதியாக்கத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரெடிஸ் முதன்மை, 'எழுதிவிட்டேன்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது, அந்த எழுத்து பிரதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. வேகத்துக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மில்லி நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அந்த இடைவெளியில் முதன்மை விழுந்தால், சரி என்று சொல்லப்பட்ட எழுத்து எங்கேயும் இருக்காது.

விழுந்த முதன்மைக்குப் பதிலாக ஒரு பிரதியை அரியணை ஏற்றும் வேலையை சென்டினல் என்ற காவல் மென்பொருள் செய்கிறது. குறைந்தது மூன்று காவலர்களை மூன்று தனித்தனிக் கணினிகளில் வைப்பது வழக்கம். ஒருவர் 'முதன்மை செத்துவிட்டது' என்று சொன்னால் போதாது. மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பான்மை வாக்கில் ஒருவர் பொறுப்பேற்றுப் புதிய முதன்மையை அறிவிப்பார். இரண்டு காவலர் மட்டும் இருந்தால் ஒருவர் விழுந்ததும் பெரும்பான்மையே அமையாது. அதனால்தான் மூன்று.

ஆனால் முதன்மை சாகாமல், வலை மட்டும் இரண்டாகப் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? 2013 மே மாதத்தில் பொறியாளர் கைல் கிங்ஸ்பரி, தரவுதளங்களைச் சோதிக்கும் தன் ஜெப்சன் திட்டத்தில் ஐந்து கணினிகளை வைத்து இதைச் செய்து பார்த்தார். ஒரு பக்கத்தில் சிக்கிக்கொண்ட பழைய முதன்மை எழுத்துகளை ஏற்றுக்கொண்டே இருந்தது. மறுபக்கத்தில் புதிய முதன்மை பட்டத்துக்கு வந்தது. வலை சேர்ந்ததும் பழையது பிரதியாக இறங்கியது. பிரதிக்கு உரிய முறைப்படி தன்னிடம் இருந்ததைத் துடைத்துவிட்டுப் புதியதிடம் படியெடுத்துக்கொண்டது. 'சரி' என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்துகளில் பாதிக்கு மேல் காணாமல் போயின.

இந்த ஓட்டையைச் சிறிதாக்க வழி இருக்கிறது. 'குறைந்தது ஒரு பிரதியாவது கடந்த 10 நொடிக்குள் தகவல் சொல்லியிருந்தால் மட்டும் எழுத்தை ஏற்றுக்கொள்' என்று முதன்மைக்குக் கட்டளையிடலாம். தனித்துவிடப்பட்ட முதன்மை அப்போது பத்து நொடியில் வாயை மூடிக்கொள்ளும். இந்த அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கிறது. நாமாகப் போட வேண்டும். முக்கியமான ஓர் எழுத்துக்கு மட்டும், 'பிரதிக்குப் போய்ச் சேரும்வரை பொறு' என்று சொல்லும் 'வெயிட்' கட்டளையும் உண்டு. ஆனாலும் ஓட்டை முழுதாக அடைபடாது. பணத்தின் அசல் கணக்கை ரெடிஸில் மட்டும் வைப்பது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. பட்டியல், வரிசை, அமர்வு, எண்ணிக்கை, தற்காலிகச் சேமிப்பு ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

இன்று ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் விநியோகங்களில் ரெடிஸைத் தேடுபவருக்கு வால்கி என்ற பெயர் எதிர்ப்படும். 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் மென்பொருளின் உரிமத்தைக் கடுமையாக்கியது. சில நாட்களிலேயே, அதன் 7.2.4 பதிப்பை எடுத்துக்கொண்டு லினக்ஸ் அறக்கட்டளையின் குடையின்கீழ் வால்கி பிறந்தது. 2020-இல் பொறுப்பிலிருந்து விலகியிருந்த சான்ஃபிலிப்போ 2024 இறுதியில் ரெடிஸ் நிறுவனத்துக்குத் திரும்பினார். 2025-இல் வந்த 8-ஆம் பதிப்பு மறுபடி திறந்த மூல உரிமம் ஒன்றையும் பெற்றது. இங்கே சொன்ன ஃபோர்க், ஐந்தொகை, குறிப்பேடு, பிரதி எல்லாம் இரண்டுக்கும் பொது.

கடைசியாக ஒரு சோதனை. இதற்கு இரண்டு கணினி தேவையில்லை. லினக்ஸ் உள்ள ஒரு லேப்டாப் போதும். வேலைக்கான சர்வரில் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒரு ரெடிஸை 6379-இல் எழுப்புங்கள். அதற்கு ஐந்தொகையும் வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம் என்று அணைத்துவிடுங்கள். வேகத்துக்காகப் பலர் முதன்மையில் உண்மையாகவே இப்படிச் செய்வதுண்டு. இன்னொன்றை 6380-இல் எழுப்பி, முதலாவதற்குப் பிரதியாக்குங்கள். முதலாவதில் ஆயிரம் சாவிகளைப் போடுங்கள். இரண்டாவதில் எண்ணிப் பாருங்கள், ஆயிரம் இருக்கும். 'இன்ஃபோ ரெப்ளிகேஷன்' என்று கேட்டால் இணைப்பு நலம் என்று பதில் வரும். இப்போது முதலாவதை அணைத்து உடனே மறுபடி எழுப்புங்கள். பல சர்வர்களில் இந்த வேலையை, சேவைகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி தானாகவே செய்துவிடும்; விழுந்ததை எழுப்பும்படி அதை அமைத்திருப்பார்கள். எழுந்த முதன்மையிடம் ஒன்றுமே இல்லை. பிரதி அதனிடம் ஓடிப்போய், வழக்கம்போல் முழுத் தரவையும் கேட்கும். முதன்மை வெறுமையை அனுப்பும். பிரதி தன்னிடம் இருந்த ஆயிரத்தையும் துடைத்துவிட்டு, அந்த வெறுமையை அக்கறையோடு ஏற்றிக்கொள்ளும். இரண்டாவதில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

சுழியம் வரும். ரெடிஸின் அதிகாரபூர்வ ஆவணமே இந்த விபத்தை விளக்கி எச்சரிக்கிறது. யாரோ தவறுதலாக எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினாலும் இதே கதைதான். அந்தக் கட்டளையும் மற்றக் கட்டளைகளைப் போலவே ஒரு மில்லி நொடியில் பிரதிக்குப் போய்விடும். பிரதி என்பது பேக்கப் அன்று. பேக்கப்புக்கு உரியது ஐந்தொகைக் கோப்பு. ரெடிஸ் அதை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுகிறது. எனவே ரெடிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தயங்காமல் நகல் எடுக்கலாம். மணிக்கு ஒருமுறை அந்தக் கோப்பை வேறோர் இடத்துக்கு அனுப்பும் கிரான் வரி ஒன்று உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு, அனுப்பிய கோப்பிலிருந்து ஒரு புதிய ரெடிஸை ஒருமுறை எழுப்பியும் பாருங்கள்.